எங்க குளத்துக்குத் தண்ணி வந்துச்சா? கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அரசுத் தரவு பற்றிய கேள்வி-பதில்

ஈரோடு, அவினாசி, பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர்களும் தோட்டத்துக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. தேவையானதை மட்டும் பாருங்கள்.

திறந்த தரவு, திறந்த தரவு என்கிறார்களே, அது என்ன?

அரசிடம் இருக்கிற விவரத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கணக்குப் போடலாம், இன்னொரு பட்டியலோடு ஒப்பிடலாம், மறுபடி வெளியிடலாம் என்கிற நிலையில் தருவதுதான் திறந்த தரவு. காசு கேட்கக் கூடாது. கணினி படிக்கிற வடிவில் இருக்க வேண்டும். பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுத்தில் அனுமதி இருக்க வேண்டும். இதற்கான தேசியக் கொள்கை 2012ல் வந்தது. அரசுத் தரவுகளைத் தொகுத்துத் தருகிற டேட்டா.கவ்.இன் என்ற தளமும் அதே ஆண்டு தொடங்கியது. பயன்பாட்டு உரிமம் 2017ல் வந்தது. தமிழ்நாடு தன் தரவுக் கொள்கையை 2022ல் வெளியிட்டது.

கொள்கை படிக்க அலுப்பாக இருந்தால் நாமக்கல் முட்டை விலையை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு விலை வருகிறது. பண்ணைக்காரர், வியாபாரி, மெஸ் நடத்துகிறவர் மூவருக்கும் ஒரே எண். அதை வைத்துச் சண்டை போடுவார்கள். ஆனால் எண் என்ன என்பதில் சண்டை கிடையாது. அதை அறிவிப்பது அரசு அல்ல, தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. வாய்க்காலில் விட்ட தண்ணீருக்கும் ரோட்டுக்குச் செலவான பணத்துக்கும் அப்படி ஒரு எண் எல்லோர் கையிலும் இருந்தால் ஊரில் பாதிப் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கும்போது இது வேறு எதற்கு?

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். 2005 சட்டத்தின் 4ஆம் பிரிவைப் பலரும் படிப்பதில்லை. ஒவ்வொரு அலுவலகமும் 17 தலைப்புகளில் தன் விவரங்களைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது அது. ஒதுக்கிய நிதி, மானியத் திட்டம் நடக்கிற விதம், பயனாளிகள் எல்லாம் அதில் அடக்கம். இணையம் உள்ளிட்ட வழிகளில் அவ்வப்போது வெளியிட்டு, மக்கள் மனுப் போட வேண்டிய தேவையையே குறைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது மனு என்பது கடைசி வழி. நாம் அதை முதல் வழியாக்கிவிட்டோம், ஏனென்றால் அரசு 4ஆம் பிரிவைப் பெரும்பாலும் சடங்காக முடித்துவிடுகிறது. பல துறைத் தளங்களில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஓய்வு பெற்றுப் போன அதிகாரியின் பெயர்கூட இன்னும் இருக்கும்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் இல்லை. மத்தியச் சட்டத்துக்கு முன்பே, 1997ல், தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது. ஆனால் இயக்கமாக வளர்ந்தது ராஜஸ்தானில்தான். 1990களில் அங்கே கிராமக் கூட்டங்களில் அரசுப் பணிகளின் கூலி வருகைப் பதிவேட்டை உரக்கப் படித்தார்கள். கூலி வாங்கியதாகப் பெயர் இருந்தவர்களே எழுந்து, நான் அந்த வேலைக்கே போகவில்லை என்றார்கள். கணினி எதுவும் இல்லை. ஒரு பட்டியல், அதைப் பொருத்திப் பார்க்க நேரில் ஆள், அவ்வளவுதான். அதே மாநிலம் 2019ல் ஜன் சூசனா என்ற தளத்தைத் திறந்து, மனுப் போடாமலே ஊர்வாரியாக விவரம் பார்க்க வழி செய்தது.

பிடிஎஃப் போட்டிருக்கிறார்களே, அது போதாதா?

போதாது. ஏன் என்பதற்குத் தேர்தல் பத்திரக் கதையை விட நல்ல உதாரணம் கிடையாது. கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல், வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்கு நன்கொடை தருகிற திட்டம் அது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்து, விவரத்தை வெளியிடச் சொன்னது. ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுக்க, மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்று யார் வாங்கினார்கள், மற்றொன்று எந்தக் கட்சி பணமாக்கியது. வாங்கியவர்களில் முதலிடம் கோவையிலிருந்து இயங்கும் லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங்குக்கு, 1,368 கோடி ரூபாய். ஊரெல்லாம் அதுதான் பேச்சு. ஆனால் அந்தப் பணம் யாருக்குப் போனது? இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் பத்திர எண் இரண்டிலும் இல்லை.

நீதிமன்றம் மறுபடி அழுத்திய பிறகு மார்ச் 21 அன்று எண்ணோடு பட்டியல் வந்தது. பிடிஎஃப் தான். ஆனாலும் பத்திரிகையாளர்களும் தன்னார்வலர்களும் மிகச் சீக்கிரத்திலேயே பொருத்தி முடித்துவிட்டார்கள். வங்கி மாதக்கணக்கில் அவகாசம் கேட்ட வேலை அது. ஆக, மறைக்க வேண்டும் என்றால் விவரத்தையே மறைக்க வேண்டியதில்லை. இரண்டு பட்டியலை இணைக்கிற எண்ணை எடுத்துவிட்டால் போதும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகிற முக்கால்வாசி இதைச் சுற்றித்தான்.

வடிவமும் முக்கியம்தான். பீகார் வாக்காளர் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களை, காரணத்தோடு, தேடிப் பார்க்கிற வடிவில் வெளியிடும்படி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 'தேடக்கூடிய' என்பதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டிய காலம் இது.

தமிழுக்கு இன்னொரு தலைவலி உண்டு. பழைய அரசுக் கோப்புகள் பலவும் வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. பிடிஎஃபில் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். நகல் எடுத்து ஒட்டினால் கிறுக்கலாக விழும். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் ஒருங்குறி (யுனிகோடு), டேஸ்16 என்ற இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளை அரசு தரமாக அறிவித்தது. நம் ஊரில் அறிவித்த தரம் என்பதால் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் சில அலுவலகங்களில் பழைய எழுத்துரு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படிப்பட்ட கோப்பு வந்தால் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த காகிதம் என்றால் கூகுள் லென்ஸ் மாதிரியான கருவி ஓரளவு படிக்கும். எண்களை மட்டும் கண்ணால் ஒருமுறை சரிபார்க்காமல் விடாதீர்கள்.

ஏனுங்க, அத்திக்கடவுத் தண்ணி எங்க குளத்துக்கு வந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

அவினாசி, அன்னூர், பெருந்துறைப் பக்கம் அதிகம் வருகிற கேள்வி இது. அறுபது ஆண்டுக்கு மேல் கேட்டு வாங்கிய திட்டம் அத்திக்கடவு–அவினாசி. 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. செலவு 1,916 கோடி ரூபாய். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 நீர்நிலைகளை நிரப்புவது நோக்கம். அதில் 32 நீர்வளத் துறைக் குளங்கள், 42 ஊராட்சி ஒன்றியக் குளங்கள், மீதி 971 குட்டைகள்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே மிஞ்சுகிற தண்ணீரில் வினாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுத்தால் ஏறத்தாழ 1.5 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). அதை 1,045ஆல் வகுத்தால் ஒரு நீர்நிலைக்குச் சராசரி சுமார் 14 லட்சம் கன அடி. இந்தச் சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். பெரிய குளமும் ரோட்டோரக் குட்டையும் ஒரே கணக்கில் வராது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒதுக்கீட்டு அளவு இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

அடுத்தது, தண்ணீர் வராததற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஆற்றிலேயே உபரி இல்லை. உபரி இருந்தும் நீரேற்று நிலையம் ஓடவில்லை. நிலையம் ஓடியும் உங்கள் கிளைக் குழாயில் கோளாறு. பவானி, நல்லகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர் என்று ஆறு நிலையங்கள் வரிசையாக ஏற்றி விடுகின்றன. நடுவில் ஒன்று நின்றால் அதற்கு மேலே இருக்கிறவர்களுக்கு வராது, கீழே இருக்கிறவர்களுக்கு வரும். 'பக்கத்து ஊருக்கு வருது, எங்களுக்கு வரல, அரசியல்' என்று பேக்கரியில் முடிவு கட்டுவதற்கு முன் எந்த நிலையத்தின் கீழ் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. சில நேரம் அரசியலாகவும் இருக்கும், அது வேறு.

ஆகவே ஒரே ஒரு தகவல் கேட்டால் போதாது. அணைக்கட்டுக்குக் கீழே ஓடிய தண்ணீரின் தினசரி அளவு, ஒவ்வொரு நிலையமும் ஓடிய மணி நேரம், உங்கள் குளத்துக்கான ஒதுக்கீடும் உள்ளே வந்த அளவும், இந்த மூன்றையும் ஒரே தேதிகளுக்கு வாங்க வேண்டும். குளங்களுக்குப் போகும் நீரைத் தொலைவிலிருந்தே கண்காணிக்க சூரிய மின்தகடு வைத்த கருவிகளைத் திட்டத்திலேயே பொருத்தினார்கள். கருவி இருக்கிறது என்றால் பதிவு இருக்க வேண்டும். பதிவு இருந்தால் கேட்கலாம். உங்கள் குளத்துக்குத் திட்டத்தில் கொடுத்த வரிசை எண்ணை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயரை வைத்துத் தேடினால் 'பெரிய குட்டை' என்று எத்தனையோ வரும்.

கூடவே ஒரு வேலை. குளத்தில் நிலையான ஒரு கல்லையோ மடைச் சுவரையோ அடையாளம் வைத்து, வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று தேதி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு பருவத்துக்குப் பிறகு அரசு தருகிற எண்ணையும் உங்கள் போட்டோவையும் பக்கத்தில் வைத்தால் பேச்சு வேறு இடத்துக்குப் போகும்.

பவானிசாகர் அணை நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

அணை மட்டம் எளிதாகக் கிடைக்கிற எண். பவானிசாகருக்கு முழு அளவு 105 அடி, 32.8 டிஎம்சி. மேட்டூர், ஆழியாறு, பரம்பிக்குளம், சோலையாறு, பவானிசாகர் எல்லாவற்றுக்கும் மத்திய நீர் ஆணையம் வாரம் ஒருமுறை அறிக்கை போடுகிறது. கிடைக்காத எண் வாய்க்காலில்தான் இருக்கிறது.

கீழ்பவானி வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 200 கிலோமீட்டர், 2.07 லட்சம் ஏக்கர், ஈரோடு திருப்பூர் கரூர் மாவட்டங்கள். தலைப்பில் எவ்வளவு திறந்தார்கள் என்பது செய்தியாக வரும். கடைமடையில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது வராது. 709 கோடி ரூபாயில் கான்கிரீட் போட்டுச் சீரமைக்கும் திட்டம் வந்தபோது விவசாயிகளே இரண்டாகப் பிரிந்து நின்றதைப் பார்த்தோம். கான்கிரீட் போட்டால் கசிவு நீர் நின்று கிணறு வற்றிவிடும் என்றது ஒரு தரப்பு. கசிவிலேயே போய்விடுகிறது, எங்களுக்கு வந்து சேரவில்லை என்றது கடைமடைத் தரப்பு. இரண்டுமே அனுபவம் பேசுகிற பேச்சு. ஆனால் எந்த மைலில் எவ்வளவு குறைகிறது, அதே மைலுக்கு அருகில் கிணற்று மட்டம் வாய்க்கால் ஓடும்போதும் நின்ற பிறகும் எப்படி மாறுகிறது என்ற இரண்டு அட்டவணையை யாரும் மேடையில் வைக்கவில்லை. வைத்திருந்தால் சண்டை தீர்ந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் கான்கிரீட், எந்த இடத்தில் மண் கரை என்கிற அளவுக்காவது சுருங்கியிருக்கும்.

நிலத்தடி நீருக்கு இந்தியா-விரிஸ் என்ற தளத்தில் கண்காணிப்புக் கிணறுகளின் அளவு பார்க்கலாம். தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் மதிப்பீடு குறுவட்டம் வாரியாக நடக்கிறது. உங்கள் ஊர் எந்தக் குறுவட்டத்தில் வருகிறது என்று தெரிந்து தேடுங்கள், மாவட்டம் என்று தேடினால் பொத்தாம் பொதுவாகத்தான் கிடைக்கும். பிஏபி என்கிற பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்துக்கும் இதே யோசனைதான்: நான்கு மண்டலத்தில் உங்களுடையது எது, எத்தனை சுற்று, உங்கள் மடைக்கு எத்தனை நாள் என்று எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் கேளுங்கள்.

மஞ்சள் விலைக்கு இதில் ஏதாவது உண்டா?

உண்டு. அக்மார்க்நெட் தளத்தில் சந்தை வாரியாகக் குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலும் போன விலை மூன்றும் தினமும் ஏறுகின்றன. டேட்டா.கவ்.இன் வழியாக அதை நிரலுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளலாம். ஈரோட்டில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், பெருந்துறை விற்பனைக்கூடம், ஈரோடு கோபி கூட்டுறவுச் சங்கங்கள் என்று நான்கு இடத்தில் ஏலம் நடக்கிறது. விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் கலந்து சராசரி பார்த்துவிடாதீர்கள். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை விற்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விலைக்கு அர்த்தம் வரும்.

ஊராட்சிக் கணக்கைப் பார்க்க முடியுமா?

முடியும். 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று இறங்கிப் போனால் திட்டமிட்ட பணிகளும் வரவு செலவும் வரும். நிதிக்குழு மானியம் அதன் வழியாகத்தான் செலவாகிறது. ஆனால் அங்கே 'குடிநீர்ப் பணி' என்று ஒரு வரி, ஒரு தொகை, ஒரு பணிக் குறியீடு இவ்வளவுதான் இருக்கும். எந்த வீதியில் போட்ட குழாய் என்று அதிலிருந்து தெரியாது. அந்தக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, அதற்கான மதிப்பீடு, அளவுப் புத்தகம், பில் மூன்றையும் கேட்டால் வீதி தெரிந்துவிடும். அளவுப் புத்தகத்தை எம்-புக் என்று சொல்லுங்கள், பொறியாளருக்கு உடனே புரியும். அதில்தான் நீளம், அகலம், கனம் எல்லாம் இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளக்கலாம்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்தில் பேச எழுந்து 'ஊழல்' என்று ஆரம்பித்தால் சத்தம்தான் மிஞ்சும். 'இந்தக் குறியீட்டுப் பணி எந்த வீதியில் நடந்தது, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி எழுத்தில் ஏறிவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

டெண்டர்?

தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998லேயே வந்துவிட்டது. இணையத்தளமும் இருக்கிறது. ஒவ்வொரு டெண்டராகத் தேட முடியும், ஒரு மாவட்டத்தின் ஓராண்டு டெண்டர் எல்லாவற்றையும் அட்டவணையாக இறக்க முடியாது. உக்ரைன் 2016ல் புரோசோரோ என்கிற முறையைக் கட்டாயமாக்கியது. அங்கே அறிவிப்பிலிருந்து ஒப்பந்தம் வரை ஒரே எண், ஒரே இடம். இங்கே டெண்டருக்கு ஓர் எண், பணி ஆணைக்கு ஓர் எண், பணம் கொடுத்ததற்கு ஓர் எண் என்று பெரும்பாலும் தனித்தனியாகக் கிடக்கிறது. தேர்தல் பத்திரக் கதைதான் மறுபடியும். நம்மால் முடிந்தது, ஒரு ரோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றையும் கையால் இணைப்பது. எத்தனை பேர் விலை கொடுத்தார்கள், மதிப்பீட்டுக்கும் முடித்த தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம், மதிப்பீடு நடுவில் திருத்தப்பட்டதா என்று பாருங்கள். ஒரே ஆள் விலை கொடுத்தார் என்பதாலேயே தப்பு நடந்தது என்று எழுதிவிடக் கூடாது.

நொய்யல் ஆற்றுக்கரை ஆலைகளில் கழிவுநீரை அளக்கச் சென்சார் வைத்திருக்கிறார்களே, அப்புறமும் ஏன் தண்ணீர் நிறம் மாறி வருகிறது?

திருப்பூர்க்காரர்களுக்குக் கதை தெரியும். 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு என்று கட்டி, சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவே வெளியேறாத முறைக்கு வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதிக மாசு தருகிற 17 வகைத் தொழில்கள் கருவி பொருத்தி இணையத்தில் அளவு அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014ல் உத்தரவிட்டது. அந்த அளவை மாநில வாரியத் தளங்களில் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சென்சார் தன் முன்னால் ஓடுகிற தண்ணீரை மட்டும்தான் அளக்கும். வேறு குழாய் வழியாகப் போவது அதற்குத் தெரியாது. அதனால் எண் நன்றாக இருக்கிறது என்பதற்கு ஆறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. கேட்க வேண்டிய பதிவுகள் இரண்டு: கருவி எப்போது கடைசியாகச் சரிபார்க்கப்பட்டது, எந்தெந்த மணி நேரம் அளவே வரவில்லை. விடுபட்ட நேரங்களை எடுத்து அதே நாள் மழை அளவோடு ஒப்பிடுங்கள். மழை பெய்கிற ராத்திரியில்தான் திறந்துவிடுகிறார்கள் என்பது கரையோரக்காரர்கள் காலங்காலமாகச் சொல்வது. அது உண்மையா, பேச்சா என்று சொல்ல இந்த ஒப்பீடு போதும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் திருப்பூரில் பெட்டிக்கடைப் பொருள் மாதிரி ஆகிவிட்டது. ஆற்றில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தினமும் அளந்து எழுதினால் அதுவும் தரவுதான். நீதிமன்றத்துக்கு அது போதாது, ஆய்வகச் சோதனை வேண்டும். எந்த நாள் மாதிரி எடுக்கலாம் என்று முடிவு செய்ய அது போதும்.

பட்டா, வில்லங்கம் எல்லாம் செல்போனிலேயே வருகிறதே. அதுதான் வெளிப்படைத்தன்மையா?

அது சேவை. நல்ல சேவை, குறை சொல்லவில்லை. உங்கள் நிலத்தை நீங்கள் பார்க்கிறீர்கள். அரசு என்ன செய்தது என்பதை அதில் பார்க்க முடியாது. ஒரு வட்டத்தில் எத்தனை பட்டா மாறுதல் மனு வந்தது, எத்தனை தள்ளுபடி, என்ன காரணம், சராசரி எத்தனை நாள் என்று வெளியிட்டால் அது வெளிப்படைத்தன்மை. ஒன்றை மறக்கக் கூடாது. கர்நாடகத்தில் பூமி திட்டத்தில் நிலப் பதிவுகளைக் கணினியாக்கியபோது, பெரிய இடத்து ஆட்கள் நிலம் தேடி வளைக்க அது வசதியாகிப்போனது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். திறந்த கதவு வழியாக யார் முதலில் நுழைகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனுவைத் தரவு கிடைக்கிற மாதிரி எப்படி எழுதுவது?

'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் இல்லாத விவரத்தைத் தொகுத்து உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இருக்கிற ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: பதிவேடு, எம்-புக், லாக் புத்தகம், நடவடிக்கைக் குறிப்பு. தேதி வரம்பு கொடுங்கள். கணினியில் இருக்கிற விவரத்தை மின்னணு வடிவில் கேட்கச் சட்டத்தின் 2ஆம் பிரிவிலேயே உரிமை இருக்கிறது. கேட்ட வடிவிலேயே சாதாரணமாகத் தர வேண்டும் என்கிறது 7(9) பிரிவு. 'எக்செல் கோப்பாகத் தரவும், அச்சிட்டு ஸ்கேன் செய்ய வேண்டாம்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாவிட்டால் எக்செல்லில் இருப்பதை அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, கோணலாக ஒரு பிடிஎஃப் வரும்.

கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். தமிழில் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் அவர்களே 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டும்.

நகல் கேட்பதை விட நேரில் பார்வையிடக் கேட்பது பல நேரம் மேல். அதுவும் உங்கள் உரிமை. பணியையும் பொருளையும்கூடப் பார்வையிட்டு, சான்றிட்ட மாதிரி எடுக்கலாம். ரோட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து வர முடியும் என்பது பல கான்ட்ராக்டர்களுக்கே தெரியாது.

மனுப் போட்டால் ஊரில் பகை வராதா?

வரும். இதை மழுப்பிப் பயனில்லை. கான்ட்ராக்டர் உங்கள் சொந்தக்காரராக இருப்பார், இல்லாவிட்டால் கோயில் கமிட்டியில் பக்கத்து நாற்காலி. அதனால்தான் ஏற்கனவே வெளியில் இருக்கிற தரவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். அதைப் பார்க்க உங்கள் பெயர் எங்கும் பதிவாக வேண்டாம். மனு தேவைப்பட்டால் ஒரே ஆள் பத்து மனுப் போடுவதற்குப் பதிலாகப் பாசன சபையோ குடியிருப்போர் சங்கமோ முடிவு செய்து, உறுப்பினர்கள் ஆளுக்கு ஒன்று போடலாம். ஆளைக் குறி வைக்காமல் ஒன்றியத்தில் இருக்கிற எல்லாப் பணிக்கும் ஒரே கேள்வியைக் கேட்பதும் நல்ல முறை. மிரட்டல் வந்தால் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

தனிநபர் விவரம் என்று சொல்லி மறுக்கிறார்களே?

இது இப்போது பெரிய பிரச்சினை. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு முன்பு, பொது வேலையோடு தொடர்பில்லாத அல்லது தேவையில்லாமல் ஒருவரின் அந்தரங்கத்தில் நுழைகிற தனிநபர் விவரத்தை மட்டும் மறுக்கலாம் என்றது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதையெல்லாம் வெட்டி, 'தனிநபர் விவரம்' என்று சுருக்கிவிட்டது. என் பார்வையில் இது மோசமான திருத்தம். பயனாளி பட்டியலையே மூட இதைக் காட்டலாம். ஆனாலும் 8(2) அப்படியே இருக்கிறது: பொது நலன் பெரிதாக இருந்தால் தரலாம். மனுவிலேயே பொது நலன் என்ன என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

மறுபக்கம், நாமும் ஒழுங்காக இருக்க வேண்டும். கையில் கிடைத்த பட்டியலில் ஆதார் எண், வங்கிக் கணக்கு, செல்போன் எண் இருந்தால் அந்தப் பத்தியை நீக்கிவிட்டுத்தான் வாட்ஸ்அப்பில் போட வேண்டும்.

நாங்கள் கல்லூரி மாணவர்கள். ஒரு ஆப் செய்யலாம் என்று இருக்கிறோம்.

வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். ஹேக்கத்தானில் பரிசு வாங்கிய ஆப்களில் எத்தனை அடுத்த தீபாவளிக்கு ஓடிக்கொண்டிருந்தன என்று உங்கள் சீனியர்களிடம் கேளுங்கள். நம்மிடம் குறைவாக இருப்பது ஆப் அல்ல, சுத்தம் செய்து இணைத்த பட்டியல். உங்கள் ஒன்றியத்தில் இருக்கிற குளங்களை எடுத்து, திட்ட எண், வருவாய்க் கிராமம், புல எண், இருக்கும் இடம் நான்கையும் ஒரே அட்டவணையில் இணைத்துப் பொதுவில் வையுங்கள். இடத்தை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் குறிக்கலாம், வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் இலவசம். பார்க்க அழகாக இருக்காது, பரிசும் கிடைக்காது. ஆனால் அடுத்து வருகிற ஒவ்வொருவரும் அதன் மேல்தான் வேலை செய்வார்கள்.

கோடிங் தெரிய வேண்டுமா?

எக்செல்லில் வடிகட்டவும் இரண்டு அட்டவணையை ஓர் எண்ணால் இணைக்கவும் தெரிந்தால் போதும். பனியன் கம்பெனியில் ஆர்டர் ஷீட் பார்க்கிறவர்களுக்கு இது தினசரி வேலை.

மனுப் போட்டு 30 நாள் ஆகிவிட்டது, பதில் இல்லை.

அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு அனுப்புங்கள், இதற்குக் கட்டணம் இல்லை. அவர் 30 நாளில், அதிகம் போனால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் இருக்கிற தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அபராதத்தை மனுவில் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஆணையத்தில் வழக்கு எடுக்கத் தாமதமாகும், அதனால் அது நிலுவையில் இருக்கும்போதே அடுத்த பருவத்துத் தேதிகளுக்குப் புது மனு ஒன்று போட்டு வையுங்கள். தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விசாரணையில் முதலில் கேட்பது அதைத்தான்.